செஞ்சியின் நாளை

நுழையும்முன்

ஊர்கள் பெரும்பாலும் தாமாகவே வளர்கின்றன. முதலில் வீடு எழும்புகிறது. பிறகு தெரு உருவாகிறது. கழிவுநீருக்கு வழி கடைசியாகத்தான் தேடப்படுகிறது. இவ்வரிசையை மாற்றி, வழியையும் நீரையும் வெற்றிடத்தையும் முதலில் குறித்துவிட்டு, அதன்பின் வீட்டுக்கு இடம் வகுப்பதே ஊரமைப்பு. பெருநகரங்களுக்கு மட்டுமே உரியதென்று கருதப்படும் இக்கலை சிற்றூர்களுக்கே முதன்மையாகத் தேவைப்படுவது. ஏனெனில் பெருநகரில் திருத்தத்தான் இயலும். சிற்றூரில் தவிர்க்கவும் இயலும். உலக மரபுச்சின்னமாகிய கோட்டை ஒருபுறமும் நெல்வயல்கள் மறுபுறமும் சூழ்ந்த செஞ்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இப்பாடம் விளக்குகிறது.

மலைகளுக்குக் கிழக்கே

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் பேருந்து ஒரு மணி நேரத்திற்குள் செஞ்சியை அடையும். ஊரை நெருங்கும்போதே, பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்தாற்போன்ற குன்றுகள் கண்ணில் படும். மேற்கே ராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதில் இணைக்கிறது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இம்மலைகளுக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்றாகிய இன்றைய செஞ்சி நகர் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 27,000 பேர்.

கோட்டையைக் காண வருவோர் செஞ்சியைக் கோட்டை என்றே அறிவர். சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் உழவர்களுக்கோ செஞ்சி என்றால் சந்தை. அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலில் வரிசையாகக் காத்திருக்கும். இப்பகுதி மக்கள் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலையும் இங்கே விலைக்கு வரும். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தை ஆடுகளுக்குப் பெயர்பெற்றது. தீபாவளி, ரம்சான், பக்ரீத் ஆகிய பண்டிகைகளுக்கு முந்தைய வாரங்களில் வெளிமாவட்ட வணிகரும் வந்து குவிவர்.

இவ்வூருக்கு வேறொரு வகைக் கூட்டமும் உண்டு. முழுநிலா நாளில் திருவண்ணாமலைக்கு மலைவலம் செல்வோரும், அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் திருவிழாவுக்குச் செல்வோரும் பெரும் எண்ணிக்கையில் செஞ்சி வழியாகவே பயணம் செய்கின்றனர். தனக்கென வராத கூட்டத்திற்கும் மாதம் இருமுறை குடிநீரும் கழிப்பிடமும் வண்டி நிறுத்த இடமும் தரவேண்டிய நிலையில் இச்சிற்றூர் இருக்கிறது. பேரூராட்சியின் வருவாயோ அதன் நிலையான குடிமக்களின் வரியைச் சார்ந்தது.

இத்தகைய ஊருக்கு 2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் ஒரு திருப்பம் வந்தது. பாரிசில் நடைபெற்ற யுனெஸ்கோ உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வு, 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி.

நீரை முன்வைத்த கோட்டை

செஞ்சிக்குத் திட்டமிடல் புதியதன்று. கோட்டையைக் காண்போர் மதிலின் உயரத்தையும் மலையின் செங்குத்தையும் கண்டு வியப்பர். ஆயினும் இக்கோட்டை நிலைத்து நின்றதற்கு மதிலைவிட நீரே பெருங்காரணம் எனலாம்.

ராசகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். முற்றுகைக் காலத்தில் அவ்வளவு உயரத்திற்குக் கீழிருந்து நாள்தோறும் நீர் சுமப்பது இயலாது. எனவே மலையிலேயே சுனைகள் பேணப்பட்டன. பாறைச் சரிவில் வழியும் மழைநீர் குளங்களில் தேக்கப்பட்டது. மலையடியில் சக்கரக்குளமும் செட்டிகுளமும் அமைந்தன. கலியாண மகால் எனப்படும் பலநிலை மாளிகைக்கு, மதிலுக்கு வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. மேல்நிலைக்கும் நீர் ஏறியது. நீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்னும் எளிய இயற்பியலை அறிந்து, எந்திரம் ஏதுமின்றி அதனைப் பயன்படுத்தியுள்ளனர். தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. கிருட்டிணகிரியில் எண்ணெயும் நெய்யும் சேமிப்பதற்குப் பாறையில் தொட்டிகள் இருந்தன என்பர்.

இவ்வேற்பாடுகளின் வலிமை 1690க்கும் 1698க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. சிவாசியின் மகன் இராசாராம் செஞ்சியில் இருந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகார்கான் கோட்டையை முற்றுகையிட்டார். ஏழாண்டுக்கும் மேலாக முற்றுகை நீண்டது. முற்றுகை தொடர்ச்சியாக இறுக்கமாக இருந்ததில்லை என்பதும், முற்றுகையிட்டோரே உணவின்றித் தவித்த காலமும் உண்டு என்பதும் உண்மையே. இருப்பினும் உள்ளிருந்தோருக்கு நீரும் நெல்லும் இல்லாதிருந்தால் ஓராண்டும் தாங்கியிருக்க முடியாது. கோட்டையை அமைத்தவர்கள், நாயக்கர் முதல் 1677இல் இதனைக் கைப்பற்றி மதில்களையும் அகழிகளையும் வலுப்படுத்திய சிவாசி வரை, 'இங்கே எத்தனை பேர் தங்குவர், எத்தனை நாள் தங்குவர், அவர்களுக்கு எவ்வளவு நீர் வேண்டும்' என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கல்லெடுத்தனர். இன்றைய ஊரமைப்பு வல்லுநர் தொடங்குவதும் இம்மூன்று வினாக்களில்தான்.

பேரூர் சிற்றூரான கதை

1597இல் செஞ்சிக்கு வந்த நிக்கோலாசு பிமெண்டா என்னும் ஏசு சபைத் துறவி, இந்தியாவில் தாம் கண்ட மிகப்பெரிய நகரங்களுள் இதுவும் ஒன்று என்றும், லிசுபனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்நகரும் இதற்கு ஈடாகாது என்றும் பொருள்பட எழுதினார். பயணிகள் மிகைப்படுத்துவது இயல்பே எனினும், அன்றைய செஞ்சி பெருநகர் என்பதில் ஐயமில்லை.

அந்நகர் பின்னர் என்னாயிற்று? பீசப்பூர்ப் படை, மராத்தியர், முகலாயர் எனக் கைமாறியது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் மோதித் தேசிங்கு வீழ்ந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். ஆட்சியாளர் மாறியதால் மட்டும் நகர் சுருங்கவில்லை. முகலாய ஆளுநர்கள் தங்கள் தலைமையிடத்தை ஆற்காட்டுக்கு மாற்றியதற்கும், பிரெஞ்சுப் படையினர் பலர் போரின்றியே மாண்டதற்கும் இங்கு நிலவிய காய்ச்சலே காரணமாகக் கூறப்படுகிறது. குளமும் அகழியும் நிறைந்த ஊரில், அவற்றைப் பேணும் கைகள் போருக்குப்பின் போராகக் கலைந்துபோனால் தேங்கிய நீர் நோயைத் தருவதில் வியப்பில்லை. ஏழாண்டு முற்றுகையைத் தாங்கவைத்த நீர்நிலைகளே பராமரிப்பு அற்றபோது ஊரைக் காலிசெய்யவும் துணைநின்றிருக்கக்கூடும்.

கைவிடப்பட்ட ஊரின் பொருள்கள் பிறர்க்குப் பயன்படும். செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சென்ற கற்றூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கின்றன. கடற்காற்று வாங்கச் செல்வோர் பலருக்கு அவை எவ்வூர்த் தூண்கள் என்பது தெரியாது.

ஊரமைப்பும் சட்டமும்

தமிழ்நாட்டில் ஊரமைப்புக்குச் சட்டம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1920இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வு சுவையானது. பாட்ரிக் கெடிசு என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர், நகரங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றைச் சென்னையில் நடத்த 1914இல் புறப்பட்டார். வரைபடங்களும் படங்களும் ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதே எம்டன்தான் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசித் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலையான இடம்பெற்றது. கெடிசு மனந்தளரவில்லை. நண்பர்களின் உதவியால் புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர், காஞ்சிபுரம் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அவற்றுள் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைப் பற்றியது செஞ்சிக்கும் பொருந்துவது. நெருக்கமான பழைய தெருக்களை இடித்து, நேரான அகலச் சாலைகளை ஊடுருவச் செய்வதே அக்காலத்தில் சீர்திருத்தமாகக் கருதப்பட்டது. கெடிசு அதனை மறுத்தார். தெருத்தெருவாக நடந்து, பாழடைந்த ஒருசில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி, மரம் நட்டுக் காற்றுக்கு வழிசெய்யலாம் என்று காட்டினார். செலவும் குறையும், வீடிழப்போரும் குறைவர். இம்முறைக்கு அவர் இட்ட பெயரைக் 'காக்கும் அறுவை மருத்துவம்' எனத் தமிழில் கூறலாம். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. குளத்தைத் தூய்மையாக்கி மீன்களை வளர்த்தால் கொசுப்புழு அழியும், குளமும் எஞ்சும் என்பது அவர் கருத்து. மருந்து எழுதுமுன் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்னும் உயிரியலாளரின் ஒழுங்கே இதில் வெளிப்படுகிறது.

இன்று நடைமுறையில் இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இச்சட்டத்தின்கீழ் ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் வகுக்கலாம். ஊரின் எப்பகுதி குடியிருப்புக்கு, எது வணிகத்திற்கு, எது தொழிலுக்கு, எது வேளாண்மைக்கு எனப் பிரித்து, எதிர்காலச் சாலைகளையும் பூங்காக்களையும் பள்ளிகளையும் குறித்துக் காட்டும் வரைபடமும் விதிகளும் சேர்ந்ததே முழுமைத் திட்டம். 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊரகத்திலிருந்து நகர்ப்புறமாக மாறிவரும் பகுதிகளுக்கும் உள்ளாட்சி அமைப்பு வேண்டும் என்றது. அவ்வமைப்புகளுக்கு வழங்கத்தக்க பதினெட்டுப் பணிகளின் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றது நகரமைப்பே.

பட்டியலில் முதலிடம் பெற்ற பணி, நடைமுறையில் பல சிற்றூர்களில் கடைசி இடத்தையே பெற்றது என்பதை மறைப்பதற்கில்லை. திட்டம் வருவதற்கு முன்பே மனை வந்துவிடுகிறது. சாலையோர வயல் ஒன்று விலைபோகிறது, எல்லைக்கல் நடப்படுகிறது, கொடிகட்டிய நுழைவாயில் எழுகிறது. அனுமதி பெறாத மனைப்பிரிவுகள் மாநிலம் முழுவதும் பெருகியதால், அத்தகைய மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, ஏற்கெனவே விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. வரன்முறைப்படுத்தல் ஆவணத்தைச் சரிசெய்யும்; தூர்ந்துபோன வாய்க்காலை மீட்டுத் தராது.

நூறு மீட்டர்

கோட்டை உள்ள ஊரில் மற்றொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொன்மையான நினைவுச்சின்னங்கள் குறித்த 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை விதிக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை உரிய அனுமதி பெற்றே கட்ட முடியும். தடைசெய்யப்பட்ட பகுதியில் ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி தேவை.

சட்டத்தின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. மதிலை ஒட்டி அடுக்குமாடி எழுந்தால் கோட்டை கோட்டையாக இராது. ஆனால் சட்டத்தின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. செல்வர் வேறிடத்தில் நிலம் வாங்கிக் கட்டிக்கொள்வார். தாத்தாவின் ஓட்டுவீட்டில் வாழும் மூன்று உடன்பிறந்தோர், திருமணத்திற்குப்பின் தனித்தனியே அறை எழுப்ப விரும்பினால், தடைப்பகுதியில் அது இயலாது. நாடு முழுவதும் நினைவுச்சின்னங்களை ஒட்டி வாழும் எளிய குடும்பங்கள் எதிர்கொள்ளும் இடர் இது. கோட்டை உலகத்தின் உடைமை எனப் பெருமைப்படும்போது, அப்பெருமையின் விலையை ஒருசில தெருக்கள் மட்டும் செலுத்துவது முறையாகாது.

இதற்கு ஊரமைப்பு ஒரு வழி காட்ட முடியும். கட்டத் தடையுள்ள பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு ஊரின் வேறு பக்கத்தில் குடியிருப்பு நிலத்தை முன்னுரிமையுடன் ஒதுக்குவதை முழுமைத் திட்டத்திலேயே சேர்க்கலாம். இடம்பெயர விரும்பாதோர்க்குப் பழுதுபார்ப்பு அனுமதி பெற உதவும் அலுவலர் ஒருவரைப் பேரூராட்சியில் அமர்த்தலாம். மலைக்கு மேல் செய்யும் செலவில் சிறு பங்கே இதற்குத் தேவைப்படும்.

ஹம்பியும் காலியும்

மரபுச்சின்னத் தகுதி பெற்ற ஊர்கள் சில முன்பே இவ்வழியில் நடந்துள்ளன. கருநாடகத்தின் ஹம்பி 1986இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லைக்குள் துங்கபத்திரை ஆற்றின் குறுக்கே ஆனேகுந்தியில் பாலம் கட்டத் தொடங்கியதால், 1999இல் 'இடருக்குள்ளான மரபுச்சின்னம்' என அறிவிக்கப்பட்டு, 2006இல்தான் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. ஆற்றைக் கடக்கப் பரிசலையே நம்பியிருந்த கிராமத்தாருக்குப் பாலம் இன்றியமையாத தேவை. அறிஞர்களுக்கோ அது காட்சியைக் கெடுப்பது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் திட்டம் முன்கூட்டியே இருந்திருந்தால் பாலத்திற்கு வேறிடம் கண்டிருக்கலாம். அந்தப் பாலம் 2009இல் கட்டுமானத்தின்போதே இடிந்து விழுந்தது. 2011இல் ஹம்பிக் கடைவீதியின் பழைய மண்டபங்களில் வாழ்ந்துவந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மண்டபங்கள் காக்கப்பட்டன, கடைவீதியில் இருந்த வாழ்க்கை போய்விட்டது.

இலங்கையின் காலி நகரக் கோட்டை வேறுவகை. அது மக்கள் குடியிருக்கும் கோட்டை. போர்ச்சுகீசியர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய அந்நகரின் தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் ஓடின. கடல் ஏறும்போது உட்புகும் நீர், இறங்கும்போது கழிவை அடித்துச் சென்றுவிடும். 1988இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு கட்டடங்கள் நன்கு பேணப்பட்டன. ஆனால் நில விலை உயர உயர, உள்ளூர்க் குடும்பங்கள் பல வீடுகளை விற்று வெளியேறின. அவ்வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. ஹம்பியில் ஆணை செய்ததைக் காலியில் விலை செய்தது.

செஞ்சி இவ்விரண்டிலிருந்தும் ஒரு வகையில் வேறுபட்டது. இங்கே நகரின் பெரும்பகுதி கோட்டைக்கு வெளியே, சற்றுத் தள்ளி இருக்கிறது. எனவே கோட்டையையும் ஊரையும் ஒன்றையொன்று நெருக்காமல் வளரவிட இன்னும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் வெற்றிடமன்று. அது நெல் விளையும் வயலும் அதற்கு நீர் தரும் ஏரியும் ஆகும்.

கணக்கும் வாய்க்காலும்

ஊரமைப்பில் எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வாறு? ஓர் எளிய கணக்கைக் காணலாம். 27,000 பேர் வாழும் ஊர் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் வளர்ந்தால், ஏறத்தாழ 35 ஆண்டுகளில் இருமடங்காகி 54,000 பேரைக் கொண்டிருக்கும். இன்று பள்ளியில் பயிலும் மாணவர் ஐம்பது வயதைக் கடக்கும் காலம் அது. புதைசாக்கடை உள்ள நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் அளவுகோல். அதன்படி 27,000 பேருக்கு நாள்தோறும் 36 லட்சம் லிட்டருக்குச் சற்று மேலும், 54,000 பேருக்கு ஏறத்தாழ 73 லட்சம் லிட்டரும் வேண்டும். விழாக் கூட்டமும் சுற்றுலாப் பயணிகளும் இதில் அடங்கார்.

இந்நீர் எங்கிருந்து வரும்? ஒரு நாள் மழையைச் சான்றாகக் கொள்ளலாம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 2024 டிசம்பர் முதல் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், இதே மாவட்டத்தின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு எக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர் சேரும். எனவே அன்று மயிலத்தில் ஒவ்வோர் எக்டேரிலும் 51 லட்சம் லிட்டர் நீர் விழுந்தது. ஓர் எக்டேரில் விழுந்த அந்நீர் மட்டுமே செஞ்சி அளவுள்ள ஊர் முழுமைக்கும் ஒரு நாள் தேவையைவிட மிகுதி. பஞ்சம் நீருக்கன்று, நீர் நிற்கும் இடத்திற்கே. அந்த இடம் இல்லாவிடில் அதே நீர் வெள்ளம் எனப் பெயர் பெறும்.

செஞ்சிப் பகுதியின் மலைநீர் சங்கராபரணியாக ஓடுகிறது. செஞ்சியாறு, வராக நதி என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. வீடூர் அணையில் தொண்டியாற்றுடன் கூடி, புதுச்சேரிப் பகுதியைக் கடந்து வங்கக்கடலில் கலக்கிறது. ஆற்றை அனைவரும் அறிவர். வரைபடத்தில் எளிதில் மறைந்துபோவது, ஓர் ஏரியின் உபரிநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்லும் சிறு வாய்க்கால். மழையில்லாத ஆண்டுகளில் அது வெறும் பள்ளமாகத் தோன்றும். பள்ளத்தை மேடாக்குவது எளிது. மண்கொட்டிச் சமன்செய்து மனையாக்கிவிட்டால், அடுத்த பெருமழையில் நீர் பழைய வழியை நினைவுகூர்ந்து அங்கேயே வரும். அங்கு வீடுகட்டியவர் தம் வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டவராக இருப்பார். அவர்மீது குறை சொல்வதில் பயனில்லை. அம்மனையை விற்பதற்கு வழிவிட்ட வரைபடமே குறையுடையது.

ஆகவே செஞ்சி போன்ற ஊருக்கு வகுக்கும் திட்டத்தில், எங்கே கட்டலாம் என்பதற்கு முன் எங்கே ஒருபோதும் கட்டலாகாது என்பதைக் குறிக்க வேண்டும். ஏரிகள், அவற்றின் நீர்ப்பிடிப்பு நிலம், வரத்துக்கால், கலங்கல், உபரிநீர் வாய்க்கால், கோட்டையின் அகழியும் குளங்களும் முதலில் வரையப்பட வேண்டும். அடுத்து இருபோகம் விளையும் நன்செய். எஞ்சிய புன்செயிலும் மேட்டுநிலத்திலும் புதிய குடியிருப்பை வளர்க்க இடம் காணலாம். இவ்வாறு ஒதுக்குவதால் நிலத்தின் விற்பனை மதிப்பை இழக்கும் உழவர், 'என் நிலத்தை மட்டும் ஏன் விற்கத் தடுக்கிறீர்கள்?' என்று கேட்பார். அக்கேள்வி நேர்மையானது. நெல்லுக்கு நல்ல விலையும் நேரத்தில் கொள்முதலும் உறுதியாகாமல், வயலை வயலாகவே வைத்திரு என்று உழவரிடம் சொல்வது எளிதன்று. ஊரமைப்பு வரைபடமும் விற்பனைக்கூடத்தின் எடைத்தராசும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

சாலையிலும் இதே சிக்கல் உண்டு. திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலை பழங்கோட்டையின் மதில்களை ஊடுருவி, ராசகிரிக்கும் கிருட்டிணகிரிக்கும் நடுவே செல்கிறது. கனவுந்துகளும் விழாக்காலப் பேருந்துகளும் கோட்டை காண வரும் பள்ளிக் குழந்தைகளும் ஒரே வழியில் செல்கின்றனர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை அமைக்க 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு பிறந்த குழந்தை பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதிலும் செஞ்சிக்கு இரயில் வரவில்லை. தொடர்வண்டி நிலையம் எங்கே வரும் என்பதைப் பொறுத்தே ஊர் எத்திசையில் நீளும் என்பது அமையும். நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் பயன்பாட்டை முன்பே வகுக்காவிடில், வண்டி வருமுன் தரகர் வந்துவிடுவார்.

வருவோர் பெருகினால் குப்பையும் பெருகும். மலைமேல் எறியப்படும் நெகிழிப்புட்டி மழையில் உருண்டு குளத்தை அடையும். நுழைவிடத்தில் குடிநீர்க் குழாயும், புட்டிக்கு முன்பணம் பெற்றுத் திரும்பக் கொண்டுவந்தால் தரும் முறையும் போதும். இதற்குப் பெருந்திட்டம் வேண்டியதில்லை. வருவோர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சிங்கவரம் குடைவரைக் கோயில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட திருநாதர் குன்று, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டு ஆகியவற்றையும் கண்டு ஓரிரவு தங்குவாராயின், ஊராருக்கும் அதனால் வருவாய் உண்டாகும். தங்குமிடங்கள் ஊரில் அமைய வேண்டுமா, மலையடியில் அமைய வேண்டுமா என்பதையும் திட்டமே முடிவுசெய்யும்.

வரைபடம் பார்வைக்கு வரும் நாள்

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது, அதன்மீது கருத்தும் மறுப்பும் எழுத்தில் தெரிவிக்கப் பொதுமக்களுக்குக் குறைந்தது இரண்டு மாத காலம் தரவேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். அலுவலகத்தில் வரைபடம் பார்வைக்கு வைக்கப்படும். நிற நிறமாகத் தீட்டிய அப்படத்தில், புல எண்கள் கடுகளவு எழுத்தில் இருக்கும். நிலத்தரகர் அதைத் தவறாமல் பார்ப்பார். சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் மூதாட்டியும், மூட்டையோடு வரிசையில் நிற்கும் உழவரும், மதிலோர ஓட்டுவீட்டின் உடன்பிறந்தோரும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. எந்த ஏரியின் கலங்கல் எந்த ஆண்டில் உடைத்துக்கொண்டது, எந்த வாய்க்கால் எத்தனை முழம் அகலமாக இருந்தது, எவ்விடத்தில் நீர் இடுப்பளவு நின்றது என்பன அவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தகவல்களைத் திரட்டுவது பள்ளி மாணவர்க்கும் இயலும். வருவாய்த் துறையின் புலப்படத்திலும் 'அ' பதிவேட்டிலும் ஏரி, வாய்க்கால், களம், மேய்ச்சல் நிலம் ஆகியவை புறம்போக்கு எனத் தனித்தனியே பதிவாகியிருக்கும். அப்படியை வைத்துக்கொண்டு, முதியவர் ஒருவரின் துணையுடன் ஏரிக்கரையிலிருந்து வாய்க்கால் போகும் வழியே நடந்தால், பதிவேட்டில் உள்ளதும் தரையில் உள்ளதும் எங்கே ஒத்துள்ளன, எங்கே வேறுபட்டன என்பது ஒரு முற்பகலில் தெரிந்துவிடும். வேறுபட்ட இடங்களைப் புல எண்ணுடன் எழுதி, தெருவார் கையொப்பம் பெற்று, அந்த இரண்டு மாதங்களுக்குள் அலுவலகத்தில் கொடுத்தால் அது மறுப்பு மனுவாகப் பதிவுசெய்யப்படும். அதனைப் பரிசீலித்த பின்னரே திட்டம் ஒப்புதலுக்குச் செல்லும்.